பந்தலில் இரண்டு ஷிப்டு

பரங்கிக் கொடியில் பிஞ்சு பிடிக்கிறது. எலுமிச்சை அளவுக்கு வருவதற்குள் பச்சை மங்கி மஞ்சள் தட்டுகிறது. இரண்டு மூன்று நாளில் சுருங்கிப்போய், தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. "உரம் பத்தலை" என்பார் ஒருவர். "கண்ணு பட்டிருக்கும்" என்பார் இன்னொருவர். மருந்துக்கடைக்குப் போனால் ஒரு பாட்டில் கைக்கு வரும்.

பாட்டிலைத் திறக்கும் முன் அந்தப் பிஞ்சைக் கத்தியால் இரண்டாக அறுத்துப் பார்ப்பது நல்லது. தோலில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, அதில் பிசின் கசிவு, உள்ளே நெளியும் வெள்ளைப் புழு என்றால் அது பழ ஈயின் வேலை. புழுவும் இல்லை, துளையும் இல்லை, விதை இருக்க வேண்டிய இடத்தில் தட்டையான வெள்ளைச் சக்கைகள்தான் இருக்கின்றன என்றால் கொடிக்கு நோய் ஏதுமில்லை. அந்தப் பூ மலர்ந்த காலையில் அதைத் தேடி யாரும் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

கடலூர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில், விருத்தாசலத்துக்கு அப்பால் இருக்கிறது மங்களூர் வட்டாரம். கர்நாடகத்துத் துறைமுக மங்களூரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மழையை நம்பிக் கொல்லையில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற பூமி. கொல்லையில் எது விளைந்தாலும் குழம்புக்கான காய் வீட்டுத் தோட்டத்திலிருந்துதான்: கிணற்றடியில் ஒரு பரங்கி, பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் நாலு கத்தரி, தகரக் கொட்டகையின் மேல் ஒரு சுரை, மூங்கில் பந்தலில் புடலையும் பீர்க்கும். இந்தச் சின்னத் தோட்டத்துக்கும் வெளியே இருக்கிற மக்காச்சோளக் கொல்லைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பிஞ்சு வெம்புவதன் காரணம் அதில்தான் இருக்கிறது.

காற்றுக்குத் தூக்க முடியாத தூள்

மக்காச்சோளத்தின் ஆண் பூ உச்சியில் கதிராக விரிகிறது. பெண் பூ நடுத்தண்டில், உறைக்குள் இருக்கிறது. உறையின் நுனியில் தொங்கும் பட்டு இழைகள் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணியோடு சேர்ந்தவை. மேலிருந்து உதிரும் மகரந்தத்தைக் காற்று அந்த இழைகளில் கொண்டுவந்து சேர்த்தால் மணி பிடிக்கும். ஓர் இழைக்குத் தூள் கிடைக்காவிட்டால் கதிரில் அந்த இடம் பொக்கு. தேனீக்கள் மக்காச்சோளக் கதிரில் மகரந்தம் அள்ளுவதைப் பார்க்கலாம். அது அவற்றின் சாப்பாட்டுக்கு. சோளத்துக்கு அவற்றால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

பரங்கியில் கதை வேறு. அதிலும் ஆண் பூ தனி, பெண் பூ தனி. மெல்லிய நீளக் காம்பில் நிமிர்ந்து நிற்பது ஆண் பூ. குட்டையான தடித்த காம்பில், இதழுக்குக் கீழே குண்டுமணிபோல் ஒரு பிஞ்சோடு வருவது பெண் பூ. மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகுவதற்குப் பரங்கிப்பூ பறிக்கும் வீடுகளில் இது எல்லாருக்கும் தெரியும். பிஞ்சுள்ள பூவில் கை வைக்கமாட்டார்கள். ஒரு கொடியில் ஆண் பூக்களே அதிகம் என்பதால் பறிப்பதில் நட்டமில்லை. ஆனால் இருப்பதையெல்லாம் பறித்துவிட்டால் அன்றைக்கு விரியும் பெண் பூவுக்குத் துணை இராது.

அந்த ஆண் பூவின் நடுத்தண்டை விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்டிக்கொள்ளும். ஊதினால் பறக்காது. பரங்கியின் மகரந்தம் தாவர உலகத்தின் பெரிய மகரந்தங்களில் ஒன்று. ஒரு துகள் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். மேற்பரப்பெல்லாம் முள், அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு. காற்றில் மிதக்க முடியாத எடை, மயிருள்ள உடம்பில் ஒட்டிக்கொள்ளத் தோதான வடிவம். யாராவது சுமந்துகொண்டு போனால்தான் அது ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்குப் போகும்.

ஒரு துகள் மட்டும் போய்ச் சேர்ந்தாலும் போதாது. ஒவ்வொரு விதைக்கும் ஒரு துகள் வேண்டும். சூல்முடியில் விழுந்த துகள் நுண்ணிய குழாயை வளர்த்து, சூலகத்துக்குள் இறங்கி, ஒரு சூலைக் கருவாக்குகிறது. காய் பெருப்பதற்கான கட்டளை கருவான விதைகளிடமிருந்துதான் வருகிறது. ஒரு பக்கம் விதை பிடித்து மறுபக்கம் பிடிக்காமல் போனால், பிடித்த பக்கம் மட்டும் பருக்கும். ஒருபுறம் கூம்பி, மறுபுறம் உப்பி வரும் வெள்ளரிக்காயை நீளவாக்கில் அறுத்தால் இது கண்ணுக்குத் தெரியும்: உப்பிய இடத்தில் விதைகள் நெருக்கமாக இருக்கும், கூம்பிய இடத்தில் சக்கை. தர்பூசணி ஒழுங்கான உருண்டையாக வர ஒரு பெண் பூவில் ஐந்நூறிலிருந்து ஆயிரம் துகள்வரை விழ வேண்டும். ஒரு தேனீ ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் அத்தனையும் சேராது. திரும்பத் திரும்ப வர வேண்டும்.

காலை ஷிப்டு

இந்த வருகைக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. பரங்கிப்பூ விடியும் முன்பே விரிகிறது. பத்து, பதினோரு மணிக்குள் இதழ் சுருண்டுவிடும். ஒரு பெண் பூவுக்கு வாழ்நாளில் அந்த ஒரு காலைதான். பாகலும் வெள்ளரியும் காலையில் விரிகிறவையே. ஐப்பசி அடைமழையில் பிஞ்சு நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம். மழையில் தேனீ கிளம்பாது. நனைந்த மகரந்தம் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். அந்த நேரத்தில் எவ்வளவு உரம் வைத்தாலும் பயனில்லை.

காலை வேலைக்கு வருகிறவர்களில் நமக்கு நன்கு பழக்கமானவை நான்கு தேனீக்கள். பெரிய மரக்கிளையிலும் உயரக் கட்டடங்களிலும் ஒற்றை அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ. வேலிச்செடியில் உள்ளங்கை அகல அடை கட்டும் கொம்புத்தேனீ. மரப்பொந்திலும் பெட்டியிலும் அடுக்கடுக்காக அடை வைக்கும் அடுக்குத்தேனீ. சுவர் ஓட்டையிலும் கதவு நிலையிலும் மீட்டர் பெட்டியிலும் பிசினால் ஒரு சிறு குழல் வைத்துக் குடியிருக்கும், கொட்டத் தெரியாத கொசுத்தேனீ. கொசு என்று எண்ணி அந்தக் குழலைச் சிமெண்டால் அடைத்துவிடுகிற வீடுகள் ஏராளம். சில நூறு மீட்டருக்கு மேல் போகாத பூச்சி அது. அதன் கூடு உங்கள் வீட்டுச் சுவரில் இருந்தால் அது போகும் தோட்டமும் உங்களுடையதுதான்.

தேனீயிடம் தோட்டக்காரருக்குப் பயன்படும் ஒரு குணம் உண்டு. ஒரு நடையில் ஒரே வகைப் பூவையே நாடிப் போகும். பரங்கியில் தொடங்கியது அந்த நடை முடியும்வரை பெரும்பாலும் பரங்கிக்கே போகும். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். இந்தக் குணம் இல்லாவிட்டால் பரங்கித் தூள் பாகலிலும் பாகல் தூள் வெண்டையிலும் விழுந்து வீணாகியிருக்கும். எனவே ஒரு பரங்கியை வாசலிலும் இன்னொன்றைக் கொட்டகைக்குப் பின்னாலும் விடுவதைவிட, இரண்டு மூன்று கொடியைப் பக்கத்தில் பக்கத்தில் விடுவது நல்லது. ஒரே காலையில் ஆணும் பெண்ணும் சேர்ந்து விரியும் வாய்ப்பு கூடும். தேனீக்கும் நடை மிச்சம்.

அந்தப் பூவைத் தேனீ எப்படிக் காண்கிறது என்பது தனி வியப்பு. நூறாண்டுக்கு முன்பு ஜெர்மனியில் கார்ல் ஃபான் ஃபிரிஷ் பல சாயல் சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே ஒரு நீல அட்டையை வைத்து, அதில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேனீக்களைப் பழக்கினார். பிறகு தண்ணீர் இல்லாத நீல அட்டையை எங்கே மாற்றி வைத்தாலும் அவை அதையே தேடி வந்தன. தேனீக்கு நிறம் தெரியும் என்று அப்போது உறுதியானது. தேனீக்களின் நடனமொழியையும் படித்துச் சொன்ன அவருக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. தேனீ சிவப்பைத் தனி நிறமாகக் காணாது. நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாவைக் காணும். நமக்கு வெறும் மஞ்சளாகத் தெரியும் சூரியகாந்தி அதன் கண்ணுக்கு நடுவில் இருண்ட வட்டமுள்ள இரண்டு நிறப் பூ. வாசலில் சிவப்புச் செம்பருத்தியை மட்டும் வைத்தால் தேன்சிட்டு வரும். தேனீக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை.

இரவு ஷிப்டு

நெய்வேலிச் சுரங்கத்துக்குப் பஸ் ஏறுகிற வீடுகளில் ஷிப்டு என்றால் விளக்க வேண்டியதில்லை. பந்தலிலும் அதேதான். பரங்கி சுருண்டு ஆறேழு மணி நேரம் கழிந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பீர்க்கம்பூ விரியத் தொடங்குகிறது. சுரை அதே நேரத்தில் வெள்ளையாக மலர்கிறது. இருட்டும் வேளையில் புடலை. வீட்டுத் தோட்டத்தில் பிஞ்சு வெம்புகிறது என்று சொல்பவர்கள் பலரும் இந்த மூன்றின் பூவையும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு, வாடிக் கிடக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள். அவர்கள் போனது வேலை முடிந்த பிறகு.

புடலைப்பூவை ஒருமுறை டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஐந்து வெள்ளை இதழ்கள். ஒவ்வொன்றின் ஓரமும் நூல் நூலாகப் பிரிந்து, சுருண்டு, காற்றில் அலையும். மாலையில் மொட்டுக்குள் மடங்கிக் கிடந்த அந்த இழைகள் இருட்டியதும் ஒவ்வொன்றாக அவிழும். வெள்ளை நிறமும் மெல்லிய மணமும் இரவில் வருகிறவர்களுக்கான அடையாளம். வருகிறவை அந்துப்பூச்சிகள். அவற்றில் பெரியவை, உடல் தடித்து, சிறகு ஒடுங்கி, பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடியே தேன் உறிஞ்சும் பருந்து அந்துப்பூச்சிகள். சர்க்கரைவள்ளிக் கொடியில் இலை தின்னும், வாலில் கொம்புள்ள பெரிய புழுவைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சிக்கு உறிஞ்சுகுழல் உடம்பைவிட நீளம். சுருட்டி வைத்துக்கொண்டு பறக்கும். பகலில் கண்ட புழுவையெல்லாம் நசுக்கிவிட்டு இரவில் அந்துப்பூச்சி வரவில்லையே என்று கேட்க முடியாது. ஒரு செடியின் சில இலைகளை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இருட்டில் பூவின் நிறம் தெரியுமா? நம் கண்ணுக்குத் தெரியாது. நிலவொளியில் நமக்கு எல்லாமே சாம்பல்தான். 2002-இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அல்முட் கெல்பரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு வகைப் பருந்து அந்துப்பூச்சி விண்மீன் வெளிச்சத்திலேயே நிறங்களைப் பிரித்தறிகிறது என்று காட்டினார்கள். ஆறாண்டு கழித்து, ஹேமா சோமநாதன், ரெனே போர்ஜஸ் ஆகிய இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு தேனீயிடம் அதே திறனைக் கண்டார்கள். நிலவே இல்லாத இரவிலும் பறக்கும் தச்சன் தேனீ அது. சைலோகோபா டிராங்குபாரிகா என்பது அதன் அறிவியல் பெயர். டேனிஷ்காரர்கள் டிராங்கிபார் என்று அழைத்த தரங்கம்பாடியின் பெயரை அதற்கு வைத்தவர் லின்னேயசின் மாணவர் ஃபேப்ரீசியஸ், ஆண்டு 1804. நம் கடற்கரையில் பிடிபட்டு, ஐரோப்பாவில் பெயர் பெற்று, இருநூறாண்டு கழித்து இரவில் நிறம் காணும் தேனீ என்று புகழ் பெற்ற பூச்சி அது.

இரவு ஷிப்டுக்குப் பெரிய இடைஞ்சல் விளக்கு. பந்தலுக்கு மேலேயே எல்இடி விளக்கு விடிய விடிய எரிந்தால் அந்துப்பூச்சி அதைச் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோகும், பூவுக்கு வராது. தேவையில்லாத நேரத்தில் அணைப்பதும், மஞ்சள் பல்பு போடுவதும், வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி வைப்பதும் செலவில்லாத காரியங்கள்.

கத்தரிக்கு வேண்டியது அதிர்வு

கத்தரிப்பூவில் தேனே இல்லை. ஊதா இதழ்களுக்கு நடுவே ஐந்து மஞ்சள் மகரந்தப் பைகள் நெருங்கி நிற்கின்றன. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பையின் நுனியிலும் இரண்டு சிறு துளைகள். மகரந்தம் வெளியே வர அதைத் தவிர வேறு வழியில்லை. பையை நன்றாக உலுக்கினால்தான் அந்தத் துளை வழியாகத் தூள் பீச்சும். தக்காளியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். பைகள் ஒன்றாக ஒட்டிக் கூம்பாக நிற்கும்.

இந்த வேலை அடுக்குத்தேனீக்கு வராது. வருவது ஊரில் கருவண்டு என்று சொல்லும் தச்சன் தேனீக்கும், அதைவிடச் சிறிய நீலப்பட்டைத் தேனீக்கும். அவை பூவைக் காலால் கட்டிக்கொண்டு, சிறகை அசைக்காமல், பறப்பதற்கான தசையை மட்டும் விநாடிக்குச் சில நூறு முறை துடிக்க விடும். காதருகே கேட்டால் "ங்ஙீ" என்று ஒரு கீச்சொலி. அதே கணத்தில் தூள் புகைபோல் வெளியேறித் தேனீயின் வயிற்றில் படியும். நீலப்பட்டைத் தேனீயின் ஆஸ்திரேலிய உறவினம் ஒன்று தலையால் மகரந்தப் பையை விநாடிக்கு ஏறக்குறைய 350 முறை முட்டுகிறது என்று 2015-இல் வேகக் கேமராவில் படமெடுத்துக் காட்டினார்கள். ஐரோப்பாவின் பசுமைக்குடில் தக்காளிக்காக 1987-இல் பெல்ஜியத்தில் பம்பிள் தேனீக் கூட்டங்களைப் பெட்டியில் வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். அதற்குமுன் கையில் அதிர்வுக் கருவியோடு ஆட்கள் பூப் பூவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நம் சமவெளியில் பம்பிள் தேனீ இல்லை. அந்த வேலையைக் கருவண்டும் நீலப்பட்டையும் கூலியில்லாமல் செய்கின்றன.

தக்காளியும் கத்தரியும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியவை. காற்றசைவிலும் ஓரளவு காய்க்கும். உலுக்கு நன்றாக விழுந்தால் விதையும் கூடும், காயும் திரளும். ஒரு எச்சரிக்கை: கத்தரியில் எல்லாப் பூவும் காய்க்காது. சூல்தண்டு மகரந்தப் பைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பூ காய்க்கும். உள்ளே குட்டையாக அமுங்கியிருக்கும் பூ உதிரும். அதற்குத் தேனீயைக் குறை சொல்ல முடியாது.

முருங்கைக்கும் தச்சன் தேனீ வேண்டும். ஆந்திரத்துக் கடற்கரையில் 1990 வாக்கில் முருங்கைப்பூவை ஆராய்ந்தவர்கள் அதில் மகரந்தம் சேர்க்கும் முக்கியப் பூச்சி தச்சன் தேனீயே என்று கண்டார்கள். அவரைப்பூவின் மடலை அழுத்தித் திறப்பதற்கும் இந்தக் கனத்த உடம்பு ஏற்றது. அகத்திப்பூவுக்குத் தேன்சிட்டு வருகிறது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பிஞ்சு நிற்கவில்லை என்றதும் ஒரு தேன்பெட்டி வாங்கி வைத்துவிடலாம் என்பது பாதி யோசனைதான். பெட்டியிலிருந்து கிளம்பும் அடுக்குத்தேனீ பரங்கிக்கும் வெள்ளரிக்கும் உழைக்கும். கத்தரியை உலுக்காது. புடலைக்கு வேலை தொடங்கும் நேரத்தில் அது உறங்கப் போயிருக்கும். ஒரே இனத்தை நம்புவதில் இன்னோர் அபாயமும் உண்டு. 1991-92 வாக்கில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, பெட்டிகளில் இருந்த அடுக்குத்தேனீக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. அந்த ஆண்டுகளில் காய்த்த கத்தரியும் புடலையும் மற்றப் பூச்சிகளின் உழைப்பு.

தங்க இடம், குடிக்கத் தண்ணீர்

பூச்சியை வரவழைப்பது பாதி வேலை. அது தங்குவதற்கு இடம் விடுவது மீதி. உலகத்துத் தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, மண்ணைத் தோண்டித் தனியாக முட்டையிடுகின்றன. நீலப்பட்டைத் தேனீ மண்சுவரிலும் வெயில் படும் மேட்டிலும் வளை தோண்டும். அதன் ஆண்களுக்கு வளை கிடையாது. அந்தி சாய்ந்ததும் ஒரு காய்ந்த தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி, வரிசையாகத் தொங்கித் தூங்கும். விடியுமுன் துளசிச்செடியின் காய்ந்த கதிரைப் பார்த்தால் காணக் கிடைக்கலாம். தச்சன் தேனீ காய்ந்த முருங்கைக் கிளையிலும் பந்தல் மூங்கிலிலும் துளை போடும். இலைவெட்டித் தேனீ ரோஜா இலையை வட்டமாகக் கத்தரித்துப் போய், ஏதாவது ஓட்டைக்குள் அறை கட்டும். வீட்டைச் சுற்றி ஓர் அங்குலம் விடாமல் சிமெண்ட் பூசுவதும், காய்ந்த தண்டையெல்லாம் கூட்டிக் கொளுத்துவதும் இவற்றின் வீட்டை இடிப்பதே. வெயில் படும் மூலையில் இரண்டடி மண்ணைக் கொத்தாமல் விட்டாலே போதும்.

தண்ணீருக்கு இந்தப் பகுதியில் ஒரு வசதி உண்டு. நெய்வேலிப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்தது விருத்தாசலத்தின் பீங்கான் தொழில். அகல் விளக்கு, பொம்மை, கோப்பை என்று சூளையில் வெந்து வருகிறது. சித்திரை வெயிலில் தேனீக்கூட்டம் தண்ணீரைத் துளித்துளியாகச் சுமந்து வந்து, கூட்டுக்குள் தடவி, சிறகால் விசிறி, அடையின் சூட்டை 35 டிகிரி செல்சியசைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்குத் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். இதற்கு மெருகு ஏற்றிய பீங்கான் தட்டைவிட மெருகில்லாத மண்தட்டு நல்லது. வழவழப்பான விளிம்பில் பூச்சிக்குப் பிடி கிடைக்காது. வழுக்கி விழுந்து மிதக்கும். சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சி வெளிப்புறத்தையும் ஈரமாக வைத்திருக்கும். தேனீ அந்த ஈரத்திலேயே வாய் வைத்துக் குடிக்கும். உள்ளே உடைந்த ஓட்டுத் துண்டுகளைத் தண்ணீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை கழுவி ஊற்றினால் கொசுவும் வளராது.

பிறகு சாப்பாடு. முந்திரிக்கொல்லைகள் தை முதல் பங்குனிவரை பூக்கின்றன. அதன்பின் வேம்பு, புங்கம், புளி. மரங்கள் ஓய்ந்திருக்கும் மாதங்களில் தோட்டம்தான் கைகொடுக்க வேண்டும். ஆடிப்பட்டத்தில் காய் விதைக்கும்போதே ஓரத்தில் துளசி, திருநீற்றுப்பச்சிலை, சாமந்தி, இரண்டு சூரியகாந்தி போட்டுவைத்தால் கொடி பூக்கும் நேரத்தில் பூச்சிகள் ஏற்கெனவே வந்து பழகியிருக்கும். கொத்தமல்லியில் ஒரு பிடியைப் பிடுங்காமல் பூக்க விட வேண்டும். அந்தச் சிறு வெள்ளைப் பூக்களுக்கு அந்தரத்தில் அசையாமல் நிற்கும் ஒரு வகை ஈ வரும். அதன் புழு அவரையில் அப்பும் அசுவினியைத் தின்னும். களை என்று பிடுங்கும் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டும் மழைக்குப் பிறகு தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் பெரிய விருந்து. வரப்போரத்தில் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

மருந்து அடிக்கும் நேரம்

தேனீக்குக் கெடுதல் இல்லாமல் மருந்து அடிப்பது எப்படி என்று கேட்டால், சாயங்காலத்தில் அடியுங்கள் என்பதே வழக்கமான பதில். பரங்கிக்கும் பாகலுக்கும் வெள்ளரிக்கும் அது சரி. புடலைக்கும் பீர்க்குக்கும் சுரைக்கும் அதுவே தவறு. அவற்றின் பூ விரியும் நேரம் அது, அவற்றைத் தேடிப் பூச்சி வரும் நேரமும் அதுவே. ஒரே பந்தலில் இரண்டு வகையும் கலந்து படர்ந்திருந்தால் தீங்கில்லாத நேரமே கிடையாது. அதனால் கொடியை வகை பிரித்து ஏற்றுவது புத்திசாலித்தனம்: காலையில் பூப்பவை ஒரு பந்தல், அந்தியில் பூப்பவை வேறு பந்தல். அந்திப் பந்தலுக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்க வேண்டுமானால், பூ வாடிய பிறகு, வெயில் ஏறுமுன், இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் அடிக்கலாம். பழ ஈக்குக் கருவாட்டுப் பொறி தொங்கவிட்டு, விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழப் புதைத்தால் மருந்துத் தேவையே பாதி குறையும்.

வீட்டுத் தோட்டத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொல்லையிலிருந்து வரும் மருந்தை என்ன செய்வது? 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு அதே ஆண்டே தமிழகத்து மக்காச்சோளத்தில் இறங்கியது. அதற்காக அடிக்கும் பூச்சிக்கொல்லி, கதிர் பூத்திருக்கும் வேளையில் மகரந்தம் அள்ள வந்த தேனீ மீதும் படுகிறது. விதையிலேயே பூசி வரும் சில மருந்துகள் செடி முழுவதும் பரவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்ச் சேருகின்றன. நியோநிகோட்டினாய்டு எனப்படும் அந்த வகையில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை போட்டது. இங்கே நாம் செய்யக்கூடியது, கதிர் பூக்குமுன் குருத்துக்குள் புழு இருக்கும்போதே கட்டுப்படுத்துவதும், பூத்த பிறகு தெளிப்பதைத் தவிர்ப்பதும்.

எதுவும் சரிவராத நாளுக்குக் கை இருக்கிறது. காலை ஏழு மணிக்குள் ஒரு பரங்கி ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் நாலு பக்கமும் தடவினால் பிஞ்சு நிற்கும். புடலைக்கு இதையே இரவு ஏழு, எட்டு மணிக்கு டார்ச்சோடு செய்ய வேண்டும். 1841-இல் ரீயூனியன் தீவில் 12 வயது அடிமைச் சிறுவன் எட்மண்ட் அல்பியஸ் வெனிலாப் பூவில் ஒரு குச்சியால் இதைச் செய்யும் வழியைக் கண்டான். இன்றும் உலகத்து வெனிலாத் தோட்டங்களில் அந்தக் கைவேலைதான் நடக்கிறது. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பேரிக்காய் மரங்களில் ஆட்கள் ஏறிக் கோழி இறகுத் தூரிகையால் பூப் பூவாகத் தடவுகிறார்கள். நாலு கொடிக்குக் கையால் செய்யலாம். நாள்தோறும் நூறு பூவுக்குச் செய்து பார்த்தால் பூச்சிகள் எவ்வளவு உழைக்கின்றன என்பது முதுகுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுத் தகப்பன்

நாட்டு விதை சேர்க்கிறவர்கள் இதற்கு நேர்மாறான ஒரு வேலை செய்வார்கள். நாளைக்கு விரியப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் முதல் நாளே நூலால் கட்டிவிடுவார்கள், பூச்சி நுழையாதபடிக்கு. மறுநாள் அவிழ்த்து, கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடி கட்டுவார்கள். காரணம் எளிது. பூச்சியை விட்டால் அது நாலு வீட்டுத் தூளையும் கலந்துவிடும். இந்த ஆண்டு காயின் சுவையில் மாற்றம் இராது; அதன் விதையைப் போட்டால் அடுத்த ஆண்டு வரும் கொடி கலப்பாக இருக்கும். குண்டுச் சுரையின் விதையிலிருந்து நீளச் சுரை வருவதும், பக்கத்தில் எங்கோ தானாக முளைத்த பேய்ச்சுரையின் கசப்பு நல்ல சுரைக்குள் ஏறுவதும் இப்படித்தான். கசக்கும் சுரைக்காயை எந்தக் காரணம் கொண்டும் சாப்பிடக்கூடாது; அது உடம்புக்குக் கெடுதல்.

விதைக்காரருக்குத் தொல்லையாகத் தெரியும் இந்தக் கலப்பு, மற்றவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறது. உங்கள் கொட்டகை மேல் காய்த்திருக்கும் சுரைக்காயின் தாய் உங்கள் கொடி. தகப்பன் மூன்றாவது வீட்டுக் கொடியாக இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே போய்வந்த அந்துப்பூச்சி நாலாவது வீட்டுச் சர்க்கரைவள்ளியில் புழுவாக வளர்ந்ததாக இருக்கலாம். அடுத்த தெருவில் கொசுத்தேனீயின் குழலை அடைத்தால் இந்தத் தெருவில் வெள்ளரி கோணலாகும். ஒரு வீட்டில் அந்தியில் மருந்து அடித்தால் நாலு வீட்டுப் புடலை வெம்பும். அதனால் துளசி எங்கே நடுவது என்று யோசிப்பதோடு சேர்த்து, எந்த நேரத்தில் மருந்து அடிப்பது, எந்த விளக்கை அணைப்பது என்று பக்கத்து வீட்டாரோடு பேசிக்கொள்வதும் தோட்ட வேலைதான். கொஞ்சம் கொத்தமல்லி விதையைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம்.